போர்த்துக்கீசியர் பூட்டி வைத்ததை ஆம்ஸ்டர்டாம் எப்படி அச்சடித்து விற்றது?

கேள்வி இதுதான்: முதல் டச்சுக் கப்பல்கள் ஜாவாவின் பாந்தன் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது 1596 ஜூனில். ஆனால் ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் மலுக்கு தீவுகளின் (இன்றைய கிழக்கு இந்தோனேசியா) வரைபடம் 1590-களின் தொடக்கத்திலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிவிட்டது. போகாத ஊருக்கு வழி எப்படித் தெரிந்தது? போர்த்துக்கீசியரிடம் திருடியதா?

கொஞ்சம் திருட்டு உண்டு. பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியது. ஆனால் திருட்டு என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே வரைபடங்கள் லிஸ்பனில் அறுபது எழுபது வருடங்களாக இருந்தவைதானே! அவற்றைக் கையில் வைத்திருந்தவர்களால் செய்ய முடியாததை ஆம்ஸ்டர்டாம் செய்தது. அதைவிட விசித்திரம், தன் கைக்குச் சொந்தமாகத் தகவல் வந்ததும் ஆம்ஸ்டர்டாமும் பூட்டுப் போட ஆரம்பித்ததுதான். கடையைத் திறந்து வைத்தவரும் பூட்டின் சாவியை வைத்திருந்தவரும் சில சமயம் ஒரே ஆள்.

இந்தக் கதையை மசாலாவிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் தானியத்திலிருந்து தொடங்குவேன். பதினாறாம் நூற்றாண்டில் ஹாலந்தின் சோறு பால்டிக் கடலில் இருந்தது. போலந்துப் பக்கத்து ரை தானியமும் கோதுமையும் டான்சிக் துறைமுகத்தில் ஏற்றி ஆம்ஸ்டர்டாமில் இறக்குவார்கள். அங்கிருந்து போர்த்துக்கல் போய்த் திரும்பும்போது செதூபல் உப்பு வரும், அது மீன் பதப்படுத்தப் போகும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான நடைகள். வட கடலின் அந்தக் கரைகளோ மணல்திட்டு நிறைந்தவை, ஓதத்துக்கு ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவதற்கேற்ப, ஆழம் மாறுபவை. எனவே இந்த மாலுமிகளுக்கு உலகம் உருண்டையா என்ற விசாரத்தைவிட, துறைமுக வாயிலில் எத்தனை அடி ஆழம் தண்ணீர் இருக்கிறது என்பதே உயிர்ப் பிரச்சினை.

அந்தத் தேவையிலிருந்து வந்தவர்தான் லூகாஸ் யான்சோன் வாகெனார். எங்க்ஹாய்சன் என்ற சிறு துறைமுகத்துக் கப்பலோட்டி. கடலை விட்டபின் துறைமுகத் தீர்வை வசூலிக்கும் வேலை பார்த்தார். 1582-ல் பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அந்த வேலையும் போயிற்று. இரண்டே வருடத்தில், 1584-ல், 'கடலோட்டத்தின் கண்ணாடி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பெரிய நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். அடுத்த வருடமே இரண்டாம் பாகமும் வந்தது. லைடனில் பிளாந்தின் அச்சகம் அச்சிட்டது. கடல்வழி வரைபடங்களை ஒரே அளவில், ஒரே குறியீடுகளோடு தொகுத்து அச்சிட்ட முதல் நூல் அது. மிதவைக்கு ஒரு குறி, மூழ்கிய பாறைக்கு ஒரு குறி. ஆழ எண்களை ஓதம் பாதி ஏறிய நிலைக்குக் கணக்கிட்டுத் தந்தார். கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்று தேவாலயக் கோபுரத்தோடும் மணல்மேட்டோடும் வரைந்து காட்டினார். துறைமுக வாயில்களை வேண்டுமென்றே பெரிதாக்கி, இடையில் உள்ள சுவாரசியமில்லாத கரையைச் சுருக்கினார். புவியியல் பேராசிரியர் முகம் சுளிப்பார், கப்பலோட்டி கும்பிடுவான். 1588-ல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் பிறகு ஆங்கில மாலுமிகள் எந்தக் கடல் அட்லஸையும் 'வாகனர்' என்றே அழைத்தார்கள்.

வாகெனாரின் நூலை எழுதச் சொல்லி எந்த அரசனும் ஆணையிடவில்லை. அது சந்தைக்கு வந்த சரக்கு, அதுவும் மக்கள் பேசும் டச்சு மொழியில். லிஸ்பனிலோ நிலைமை தலைகீழ். அங்கே ஒரு மூல வரைபடம் அரசுக் கிடங்கில் இருக்கும். கப்பல்களுக்கு அதிலிருந்து பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், திரும்பி வந்ததும் புதுத் தகவலை அதில் சேர்ப்பார்கள். அறிவு மன்னரின் சொத்து. ஏற்பாடு நல்லதுதான், ஆனால் பிரதி எடுப்பவரின் சம்பளம்தான் நல்லதில்லை.

அந்தப் பிரதிகள் எப்படி விலைபோயின என்பதற்கு வருமுன் 1585-ஐச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வரைபடத் தொழிலுக்கு அதுவரை தலைநகர் இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆன்ட்வெர்ப். ஓர்ட்டேலியுஸ் தன் உலக அட்லஸை 1570-ல் வெளியிட்டது அங்கேதான். 53 தாள்கள், எல்லாம் ஒரே அளவு, யாருடைய வரைபடத்திலிருந்து எடுத்தது என்ற பட்டியலோடு. 1569-ல் கோணம் மாறாத தன் உலக வரைபடத்தை வரைந்த மெர்கேட்டரும் ஃபிளாண்டர்ஸ் மண்ணில் பிறந்தவரே. மதக் குற்றச்சாட்டில் 1544-ல் சில மாதம் சிறையில் கிடந்துவிட்டு, பின்னர் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தார். 1585 ஆகஸ்டில் ஸ்பானியப் படை ஆன்ட்வெர்ப்பைப் பிடித்தது. புராட்டஸ்டன்டுகளுக்கு ஊரை விட்டுப் போகக் கெடு விதிக்கப்பட்டது. அந்த ஊரின் கடல்வழியான ஷெல்ட் ஆற்றின் வாயை, ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த வடக்கு டச்சு மாகாணத்தார் அடைத்தார்கள். வணிகர்கள், செப்புத் தகட்டில் செதுக்கும் கலைஞர்கள், அச்சுக்காரர்கள் எல்லாரும் பெட்டி படுக்கையோடு வடக்கே நடந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் வளர்ச்சியை அவ்வூர்க்காரரின் சாமர்த்தியம் என்று மட்டும் எழுதுபவர்கள் இந்த அகதிகளை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அகதிகளில் ஒருவர் பெத்ரூஸ் பிளான்சியுஸ். பிரஸ்ஸல்ஸில் கால்வினியப் (புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவு) போதகராக இருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் மாலுமிகளுக்கு வானியல் பாடம். போர்த்துக்கல்லைச் சேர்ந்த பார்த்தொலொமேயு லாசோ என்ற வரைபடக்காரரின் கடல் வரைபடங்கள் இவர் கைக்கு வந்து சேர்ந்தன. பிளான்சியுஸும் பதிப்பாளர் கொர்னேலிஸ் கிளாஸும் அவற்றை அச்சிட 1592-ல் டச்சு மாகாணங்களின் பொதுப் பேரவையிடமிருந்து உரிமை பெற்றார்கள். மலுக்கு வரைபடம் அந்தத் தொகுப்பில் வந்ததுதான். அதன் அடிப்பகுதியில் ஜாதிக்காய், கிராம்பு, சந்தனம் மூன்றையும் படமாகப் போட்டிருக்கிறார்கள். கப்பலோட்டிக்கு அந்தப் படங்கள் எதற்கு? எதற்குமில்லை. அவை முதலீட்டாளருக்கு. அந்த வரைபடத்தை நான் பாதி விளம்பரமாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் கரையின் வடிவம் மட்டும் தெரிந்து வணிகம் செய்ய முடியாது. எந்த மாதம் காற்று திரும்பும், கொச்சியில் மிளகு எந்த எடையில் நிறுக்கிறார்கள், போர்த்துக்கீசியர் எங்கே வலுவாக இருக்கிறார்கள், எங்கே பெயருக்கு ஒரு கோட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள்: இவையெல்லாம் வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன். எங்க்ஹாய்சனில் வளர்ந்த பையன். ஸ்பெயினில் வணிகம் செய்த அண்ணன்களைத் தேடிப் போய், அங்கிருந்து லிஸ்பன், பிறகு 1583-ல் கோவா. கோவா பேராயரின் செயலாளர்களில் ஒருவராக ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார். இடத்தைக் கவனியுங்கள்: பேராயர் அலுவலகத்துக்கு வராத கடிதம் உண்டா, வராத வம்பு உண்டா? காதையும் பேனாவையும் திறந்து வைத்திருந்தாலே போதும். திரும்பும் வழியில் அட்லாண்டிக்கின் அசோர் தீவுகளில் இரண்டு வருடம் தங்க நேர்ந்தது. 1592-ல் ஊர் சேர்ந்தார். மருத்துவரும் அரும்பொருள் சேகரிப்பாளருமான பலுதானுஸ் உதவ, எல்லாவற்றையும் எழுதினார். பதிப்பித்தது அதே கொர்னேலிஸ் கிளாஸ்.

லின்ஸ்கோட்டனின் பயண நூல் முழுதாக வந்தது 1596-ல். ஆனால் போர்த்துக்கீசியக் கப்பலோட்டிகளின் வழிக்குறிப்புகளை மொழிபெயர்த்துச் சேர்த்த பகுதியை முந்தின வருடமே அவசரமாக அச்சிட்டார்கள், ஏனென்றால் முதல் கப்பல் அணி 1595 ஏப்ரலில் கிளம்ப வேண்டியிருந்தது. அச்சு மை காயும் முன் கப்பலேறிய புத்தகம் என்றே சொல்லலாம். அதிலிருந்த மிக முக்கியமான யோசனை ஒன்று: மலாக்கா நீரிணை போர்த்துக்கீசியர் பிடியில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள், சுமத்ராவின் தெற்கே சுற்றி சுந்தா நீரிணை வழியாக ஜாவாவுக்குப் போங்கள். டச்சுக்காரர் பிற்காலத்தில் தலைநகரமாக்கிய பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, அந்த வழியின் வாயிலில் இருப்பது தற்செயல் அல்ல.

நேரடி உளவும் நடந்தது. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் ஹௌட்மன் சகோதரர்களை 1592-ல் லிஸ்பனுக்கு அனுப்பித் தகவல் திரட்டினார்கள். மூத்தவர் கொர்னேலிஸ் ஹௌட்மன் முதல் பயணத்தின் முதன்மை வணிகரானார். நான்கு கப்பல்கள், சுமார் 240 பேர். இரண்டரை வருடம் கழித்து உயிரோடு திரும்பியவர்கள் தொண்ணூறுக்கும் குறைவு. ஒரு கப்பலை வழியிலேயே எரித்துவிட நேர்ந்தது. பாந்தனில் சண்டை, கொண்டுவந்த மிளகும் சொற்பம். லாப நட்டக் கணக்கில் சுமாரான பயணம். அப்புறம் ஏன் அதைக் கொண்டாடினார்கள்? வரைபடம் பொய் சொல்லவில்லை என்று நிரூபணமாயிற்று, அதனால்தான். 1602-க்குள் வெவ்வேறு குழுமங்கள் 14 அணிகளாக 65 கப்பல்களை அனுப்பிவிட்டன.

அந்த முதல் பயணத்தின் இன்னொரு விளைச்சல் பலருக்குத் தெரியாது. தெற்கு வானத்து நட்சத்திரங்களை அளந்து வரும்படி பிளான்சியுஸ் கப்பலோட்டி கேசருக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். கேசர் பாந்தனில் இறந்துபோனார், குறிப்புகள் திரும்பி வந்தன. அதிலிருந்து பிளான்சியுஸ் 1598-ல் தன் வான்கோளத்தில் 12 புதிய விண்மீன் கூட்டங்களைப் போட்டார். சொர்க்கப் பறவை, மயில், பச்சோந்தி என்று இன்றும் வானியலில் இருக்கும் பெயர்கள். இளைய ஹௌட்மன், ஃபிரெடெரிக், அடுத்த பயணத்தில் சுமத்ராவின் அச்சேயில் இரண்டு வருடம் சிறைப்பட்டார். அங்கே மலாய் கற்றுக்கொண்டு 1603-ல் ஒரு மலாய்ச் சொல்லகராதி வெளியிட்டார், பின்னிணைப்பாக ஒரு நட்சத்திரப் பட்டியல்! வழி, விலை, மொழி, வானம் எல்லாம் இவர்களுக்கு ஒரே மூட்டைதான்.

எல்லா ஊகமும் பலிக்கவில்லை. ரஷ்யாவின் வடக்கே பனிக்கடல் வழியாகச் சீனாவுக்குப் போய்விடலாம் என்று பிளான்சியுஸ் பிடிவாதமாக நம்பினார். அதை நம்பி மூன்று முறை போன டச்சு மாலுமி பேரென்ட்ஸ், 1596-97 குளிர்காலத்தை நோவாயா ஸெம்லியா தீவில் மரக்குடில் கட்டிக் கழித்து, திரும்பும் வழியில் இறந்தார். 1871-ல் அந்தக் குடில் கண்டுபிடிக்கப்பட்டபோது உள்ளே அச்சுப் படங்களின் கட்டுகள் கிடைத்தன. கீழை நாடுகளில் விற்கக் கொண்டுபோன சரக்கு. படம் பார்த்துப் போனவர்கள் படத்தையே விற்கவும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

1602 மார்ச்சில் போட்டிக் குழுமங்களை இணைத்து டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. அதன் டச்சுப் பெயரின் சுருக்கம் வி.ஓ.சி. நமக்கு அந்த மூன்றெழுத்து வேறொரு கப்பல்காரரை நினைவுபடுத்தும், விடுங்கள். கிட்டத்தட்ட 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) மூலதனம். இங்கேதான் காற்று திசை மாறுகிறது. அதுவரை தகவலை அச்சடித்தால் முதலீடு வரும். இனி தகவலை அச்சடித்தால் போட்டியாளர் வருவார்.

கம்பெனி தனக்கென்று வரைபட அலுவலகம் வைத்தது. 1617-ல் ஹெசல் கெரிட்ஸ் அதன் வரைபடக்காரரானார். ஏற்பாடு இப்படி: ஒவ்வொரு கப்பலோட்டியும் புறப்படும்போது கையால் வரைந்த ஒரு கட்டு வரைபடம் பெறுவார், பெரும்பாலும் தோலில் வரைந்தது, ஈரம் தாங்குவதற்காக. திரும்பியதும் அதைக் கணக்குப்படி ஒப்படைக்க வேண்டும். பயண நாட்குறிப்பையும் கொடுக்க வேண்டும். கெரிட்ஸ் அந்தக் குறிப்புகளைப் படித்து, மூல வரைபடத்தைத் திருத்தி, அடுத்த கப்பலுக்குத் திருத்திய பிரதியை அனுப்புவார். கம்பெனி அனுமதியின்றி எதையும் வெளியிடுவதில்லை என்று உறுதிமொழியும் கொடுத்திருந்தார். ஆம், லிஸ்பனில் இருந்த அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், இங்கே முதலாளி மன்னர் அல்ல, பங்குதாரர்கள்.

ஏன் கையால் வரைய வேண்டும், அச்சகம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது? ரகசியம் ஒரு காரணம்தான். செப்புத் தகட்டுத் தொழிலின் இயல்பும் ஒரு காரணம். ஒரு தகட்டைச் செதுக்கப் பல வாரம், மாதம் ஆகும், செலவு அதிகம். எனவே போட்ட காசை எடுக்கப் பல நூறு பிரதிகள் விற்றாக வேண்டும். திருத்த வேண்டுமானால் பின்புறத்திலிருந்து தட்டி, மேற்பரப்பைத் தேய்த்து, மறுபடி செதுக்க வேண்டும். தகடு ஒரு சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கு, ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்கு விலைக்குப் போகும். மெர்கேட்டரின் அட்லஸ் தகடுகளை 1604-ல் யோதோகுஸ் ஹோந்தியுஸ் வாங்கினார். புதிதாகச் சில வரைபடம் சேர்த்து 1606-ல் மெர்கேட்டர் பெயரிலேயே வெளியிட்டார். அதே பெயர் கொண்ட அவர் மகன் இறந்தபின், மகனின் தகடுகளில் ஒரு பகுதியை 1629-ல் வில்லெம் பிளாவு வாங்கி, பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார். அதனால்தான் 1640-ல் அச்சான வரைபடத்தில் 1590-ன் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும். தோலில் வரைந்த பிரதியிலோ நேற்று வந்த தகவலை இன்று சேர்க்கலாம்.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. தீர்க்கரேகையைக் கடலில் அளக்க அப்போது நம்பகமான வழி கிடையாது. காந்த ஊசியின் விலகலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பிளான்சியுஸ் ஒரு முறை வகுத்தார், அது சரிவரவில்லை. 1611-ல் ஹென்ட்ரிக் பிரௌவர் நன்னம்பிக்கை முனையிலிருந்து நேராகக் கிழக்கே பலத்த மேலைக்காற்றைப் பிடித்துப் போய், பிறகு வடக்கே திரும்பி ஜாவா சேர்ந்தார். பயண நேரம் ஏறக்குறைய பாதியாயிற்று. சில வருடத்தில் கம்பெனி அதையே கட்டாய வழியாக்கியது. ஆனால் எப்போது வடக்கே திரும்புவது? கொஞ்சம் தாமதித்தால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மோதுவீர்கள். 1616 அக்டோபரில் டிர்க் ஹார்டாக் அப்படித்தான் அந்தக் கரையில் இறங்கி, ஒரு வெள்ளீயக் கலவைத் தட்டில் தேதி செதுக்கி வைத்துவிட்டுப் போனார். கெரிட்ஸின் 1627 வரைபடத்தில் அந்தக் கரை துண்டு துண்டாக, ஒவ்வொரு கப்பலும் தொட்ட இடம் மட்டும் கப்பல் பெயரோடு இருக்கிறது. தெரியாததை வெறுமையாக விட்ட அந்த வரைபடம் எனக்கு எந்த அலங்கார அட்லஸைவிடவும் பிடிக்கும். 1629-ல் 'பட்டாவியா' கப்பல் மோதி உடைந்த பாறைத்திட்டும் பத்து வருடம் முன்பே தெரிந்திருந்ததுதான், ஃபிரெடெரிக் ஹௌட்மன் கண்டு அவர் பெயரால் அழைக்கப்படுவது. பாறை எங்கே என்று தெரியும், கப்பல் எங்கே என்றுதான் தெரியவில்லை.

இனி பிளாவு குடும்பம். வில்லெம் பிளாவு இளமையில் டென்மார்க்கில் டைக்கோ பிராஹேயிடம் வானியல் கற்றவர். ஆம்ஸ்டர்டாமில் கடை வைத்து பூகோள உருண்டை, கடல் நூல், சுவர் வரைபடம் எல்லாம் விற்றார். கெரிட்ஸ் இறந்த மறுவருடம், 1633-ல், கம்பெனியின் வரைபடக்காரரானார். 1638-ல் அவர் மகன் யோவான் பொறுப்பேற்றுச் சாகும்வரை, 1673 வரை, வகித்தார். ஆகவே ஐரோப்பாவின் மிகப் பெரிய வரைபடப் பதிப்பாளரின் மேசைக்கு ஆசியாவின் புத்தம்புதுத் தகவல் தினம் வருகிறது, ஆனால் அவர் அதை விற்கக் கூடாது. 1662-ல் வெளிவந்த அவருடைய பேரட்லஸ், லத்தீன் பதிப்பு, 11 தொகுதிகள், ஏறக்குறைய 600 வரைபடங்கள். வண்ணம் தீட்டிய பிரதி நானூறு கில்டருக்கு மேல். ஒரு கைவினைஞரின் ஓராண்டுச் சம்பளம் அந்த விலைக்கு எட்டாது. ஆசியப் பகுதிகளில் பல வரைபடங்கள் பல பத்தாண்டு பழையவை. வாங்கியவர்கள் மன்னர்களும் பிரபுக்களும். அவர்களுக்கு மணல்திட்டு எங்கே இருந்தால் என்ன?

பூட்டு முழுமையானது என்றும் சொல்லிவிட முடியாது. கம்பெனியின் மாலுமி டாஸ்மன் 1642-43லும் 1644-லும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் கண்ட கரைகளை யோவான் பிளாவு 1648-ன் சுவர் வரைபடத்திலேயே போட்டுவிட்டார். ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்தின் பளிங்குத் தரையிலும் அந்தக் கரைகளைப் பதித்தார்கள், யார் வேண்டுமானாலும் மிதித்து நடக்கலாம். கம்பெனி காத்தது உலகத்தின் வடிவத்தை அல்ல, துறைமுகத்துக்குள் நுழையும் வழியை. கண்டத்தின் உருவம் தெரிந்தால் போட்டியாளருக்குப் பொறாமைதான் வரும், கால்வாயின் ஆழம் தெரிந்தால் கப்பலே வந்துவிடும்.

'திருட்டு' என்ற சொல்லுக்குத் திரும்பினால், சங்கிலி லிஸ்பனோடு முடிவதில்லை. 1512-ல் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் தன் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஜாவானிய மாலுமியின் பெரிய வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறார். மலுக்கு தீவுகளும் சீனர்களின் கடல்வழிகளும் அதில் இருந்தன. மூலம் கப்பலோடு மூழ்கிவிட்டது, ஒரு பகுதியைப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். போர்த்துக்கீசியர் கற்றது ஆசிய மாலுமிகளிடம், டச்சுக்காரர் வாங்கியது போர்த்துக்கீசியரிடம். அச்சில் பெயர் வந்தது கடைசி ஆளுக்கு. அந்த அறிவு எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளை 1621-ல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் படையோடு பிடித்தார். சுமார் 15,000 என்று மதிப்பிடப்படும் மக்களில் சில ஆயிரம் பேர்கூட அங்கே மிஞ்சவில்லை. பிளான்சியுஸ் படத்தின் அடியில் அழகாக இருக்கும் ஜாதிக்காய்க்கு முப்பதாண்டு கழித்து நேர்ந்த கதை அது.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. 1610-ல் பழவேற்காடு, 1658-ல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் கம்பெனி கைக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பால்தேயுஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றுக்கும் வரைபடங்கள் உள்ளன. யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். டெல்ஃப்ட் என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக, ரகசியம் எப்போது வெளியே வந்தது என்றும் கேட்கலாம். 1753-ல். கம்பெனியின் வரைபடக்காரராகவும் இருந்த வான் கேலன் குடும்பத்தார் தங்கள் கடல் அட்லஸின் ஆறாம் பாகமாக ஆசியக் கடல் வரைபடங்களை அச்சிட்டு விற்றார்கள். அதற்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தாங்களே அளந்து வரையத் தொடங்கியிருந்தார்கள். எனவே இணையத்தில் வண்ண வண்ணமாக, கடல் பூதங்களோடும் மூலைகளில் அரசர்களோடும் ஒரு பழைய டச்சு வரைபடத்தைப் பார்த்தால், அது வீட்டுச் சுவருக்கு வரைந்தது என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம். கப்பலில் போனதைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கையெழுத்து வரைபடங்களைத் தேடுங்கள். அங்கே கரையோரம் முழுக்க எண்கள்தான், நிலத்தின் உட்பகுதியில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.